ஊரணி நிறைந்தால் தெருவுக்குள் நீர் வருகிறது: ஆழப்படுத்துவதா, மறுகாலைச் சீர்செய்வதா?

பாக்கடலோரன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கும் ஆற்றங்கரைக்கும் இடைப்பட்ட கடற்கரையில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஊரின் நடுவே ஏறத்தாழ ஒன்றரை ஏக்கரில் ஓர் ஊரணி உண்டு. கூட்டுக் குடிநீர்க் குழாய் வருவதற்கு முன்பு ஊர் முழுவதும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. இப்போது அது கால்நடைகளுக்கும் துணி துவைக்கவும் பயன்படுகிறது. அதைவிட முக்கியமாக, ஊரில் பெய்யும் மழை முழுவதும் சென்று சேரும் இடமாகவும் அதுவே இருக்கிறது. வடக்கிலிருந்து ஒன்றும் மேற்கிலிருந்து ஒன்றுமாக இரண்டு வரத்துக்கால்கள், பனங்காடு, பள்ளிக்கூட மைதானம், தெருக்கள் எல்லாம் சேர்த்து எழுபது எழுபத்தைந்து ஏக்கர் நிலத்தின் நீரை அதற்குள் கொண்டுவருகின்றன.

நீர் வெளியேறுவதற்கு ஒரே வழிதான் உள்ளது. தென்கிழக்கு மூலையில், நிறைந்த நீர் வழிந்து வெளியேறுவதற்கான பத்தடி நீளமுள்ள பழைய கலுங்கு இருக்கிறது. அதைத் தாண்டும் மறுகால், அதாவது உபரிநீர் போகும் வாய்க்கால், தார்ச்சாலையின் அடியில் போடப்பட்ட ஒரு சிமெண்டுக் குழாய் வழியாகச் சென்று, தரவை எனும் கடலோர உவர்நிலத்தில் இறங்கி, உப்போடையில் கலந்து கடலுக்குப் போக வேண்டும். சென்ற கார்த்திகையில் ஒரே இரவில் பெய்த கனமழையில் ஊரணி நிரம்பி, கலுங்கின் வழியே போக வேண்டிய நீர் கிழக்குத் தெருவுக்குள் புகுந்து, பல வீடுகளின் திண்ணையைத் தாண்டி உள்ளே சென்றுவிட்டது. மழை விட்ட பிறகும் நீர் வடியப் பல நாட்கள் ஆயின. அப்போது கலுங்கை நேரில் சென்று பார்த்தேன். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் மீன் தப்பிவிடாமலிருக்கக் கலுங்குக் கற்களுக்கு இடையில் பழைய வலையைக் கட்டி, அதற்குப் பின்னால் கருவேல முள்ளையும் அடைத்திருந்தார்கள். அந்த வலையில் பனையோலையும் பால் பாக்கெட்டுகளும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவரைப் போல நின்றன.

இப்போது ஆடி பிறந்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் ஊருக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எதைச் செய்வது என்பதில்தான் ஒற்றுமை இல்லை. ஊரணியை இயந்திரம் வைத்து இன்னும் ஆறடி ஆழப்படுத்தினால் எவ்வளவு மழையையும் தாங்கும் என்கிறார்கள் ஒரு சாரார். கரையை உயர்த்த வேண்டும் என்பது இன்னொரு சாராரின் கருத்து. மழைக்காலத்தில் மோட்டார் வைத்து இறைத்தால் போதும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். கலுங்கைத் திறந்து விட்டால் சித்திரையில் ஆடு மாடுகளுக்குத் தண்ணீர் இருக்காது என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள், அந்த அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பணிகளில் அனுபவம் உள்ளவர்கள், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று வழிகாட்டினால் கிராம சபையில் பேசுவதற்கு எனக்கு உறுதியான பிடி கிடைக்கும்.

மடைக்கால்:

ஐயா, வணக்கம். கண்மாய், ஊரணிப் பராமரிப்புப் பணிகளில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் ஊரணியை நேரில் பார்க்காவிட்டாலும், நீங்கள் எழுதியிருப்பதைக் கொண்டே ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் குறை ஊரணியின் ஆழத்தில் இல்லை, நீர் போகும் வழியில் இருக்கிறது. ஆகவே வேலையைக் கடலோரத்தில் தொடங்கி ஊரணியை நோக்கி மேலேறி வர வேண்டும்.

முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லட்சம் லிட்டர் நீர். உங்கள் நீர்ப்பிடிப்பு 75 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 30 ஹெக்டேர். பத்து சென்டிமீட்டர் மழை, நம் கடற்கரையில் வடகிழக்குப் பருவத்தில் ஒரே நாளில் பெய்யக்கூடிய மழைதான். அது பெய்தால் அந்த நிலத்தில் விழுவது மூன்று கோடி லிட்டர். மணல் நிலம் பாதியைக் குடித்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றரைக் கோடி லிட்டர் ஊரணிக்கு வந்து சேரும். ஒன்றரை ஏக்கர் ஊரணியில் ஒரு மீட்டர் இடம் காலியாக இருந்தால் அது கொள்வது 60 லட்சம் லிட்டர் மட்டுமே. மீதி 90 லட்சம் லிட்டர் வெளியேறியே ஆக வேண்டும். அதற்கு மறுகால் வழிவிடாவிட்டால் உங்கள் கிழக்குத் தெரு வழிவிடும்.

ஆறடி ஆழப்படுத்தினால் அந்த இடமும் நீரைக் கொள்ளாதா என்று கேட்கலாம். முதல் இரண்டு மூன்று மழைக்குக் கொள்ளும். ஆனால் தெருவுக்குள் நீர் வருவது ஐப்பசியின் முதல் மழையில் இல்லை. ஊரணி முன்பே நிறைந்து நிற்கும்போது கார்த்திகையில் அடித்துப் பெய்யும் மழையில்தான் வருகிறது. அந்த நேரத்தில் கணக்கில் சேருவது நீர்மட்டத்துக்கு மேலே உள்ள காலியிடம் மட்டுமே. நீருக்கு அடியில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதால் தெருவுக்கு எந்தப் பயனும் இல்லை. கடற்கரை ஊரணியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மேலே நன்னீரும் கீழே உவர்நீருமாக இருக்கும் மண் இது. அடியில் இருக்கும் களிப்படிவத்தை இயந்திரத்தால் உடைத்துவிட்டால் கீழிருந்து உவர் ஊறத் தொடங்கும், அல்லது கோடையில் நீர் மணலுக்குள் இறங்கிப் போய்விடும். முன்னோர்கள் வெட்டிய ஆழம் எதுவோ அதுவரை படிந்திருக்கும் வண்டலை எடுப்பது நல்லது. அதற்குக் கீழே கைவைக்க விடாதீர்கள்.

மோட்டார் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயலுக்கு இறைக்கும் 5 குதிரைத்திறன் மோட்டார் வினாடிக்கு 20 லிட்டர் அளவில் இறைக்கும். அடைப்பில்லாத பத்தடிக் கலுங்கின் மேல் ஒரு சாண் உயரம் நீர் வழிந்தால், வினாடிக்கு ஏறத்தாழ 450 லிட்டர் தானாகவே போகும். நான் மேலே சொன்ன 90 லட்சம் லிட்டரும் ஐந்தாறு மணி நேரத்தில் வடிந்துவிடும். மின்சாரமும் வேண்டாம், டீசலும் வேண்டாம், நள்ளிரவில் காவலும் வேண்டாம். மழையும் காற்றுமாக இருக்கும் இரவில் நம் பக்கத்தில் மின்சாரம் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இனி, கலுங்கில் அந்தச் செங்குத்துக் கற்கள் எதற்கு நிற்கின்றன என்பதைக் கிராம சபையில் நீங்கள் விளக்க வேண்டும். பெரியவர்களின் அச்சத்துக்கான விடை அந்தக் கற்களிலேயே இருக்கிறது. பழைய கலுங்குகளின் தளம் தாழ்வாகவும், அதன் மேல் இடைவெளி விட்டு நடப்பட்ட கற்கள் உயரமாகவும் இருக்கும். பருவமழை தொடங்கும்போது கல்லிடுக்குகள் திறந்திருக்க வேண்டும். பெருமழை வந்தால் நீர் தளத்தின் மேலேயே வழிந்து போகும். பருவத்தின் கடைசியில், இனிப் பெருமழை இல்லை என்று தெரிந்த பிறகு, இடுக்குகளைக் களிமண்ணும் புல்கரணையும் (மண்ணோடு வெட்டிய புற்கட்டி) வைத்து அடைத்துக் கடைசி மழையைக் கல்லின் உயரம் வரை தேக்கிக்கொள்வார்கள். வெள்ளத்தைக் கடத்துவதும் கோடைக்குச் சேமிப்பதும் ஒரே கட்டுமானத்தால் நடந்தன, அடைக்கும் காலம் மட்டுமே வேறு. ஐப்பசியிலேயே மணல் மூட்டையும் வலையும் வைத்து அடைப்பது அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிவிட்டது.

மீன்பாசிக் குத்தகைக்காரரைப் பகைத்துக்கொள்ளத் தேவையில்லை. அடுத்த ஏலத்தின் நிபந்தனையிலேயே, கலுங்கின் மேல் எதையும் கட்டக் கூடாது, மீனைத் தடுக்க வேண்டுமானால் கலுங்குக்கு இருபதடி முன்னால் ஊரணிக்குள் அரைவட்டமாகக் கம்பு ஊன்றி அகலக் கண்ணி வலையைக் கட்டிக்கொள்ளலாம், அதில் சேரும் குப்பையை மழை நாட்களில் காலையும் மாலையும் அவரே எடுக்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள். பத்தடி வாயில் தடுக்கும் வலை முழுவதும் அடைபட்டுவிடும். அறுபதடி வளைவில் கட்டிய வலையில் ஒரு பக்கம் குப்பை சேர்ந்தாலும் மறுபக்கம் நீர் போகும்.

அடுத்து, சாலைக்கு அடியில் உள்ள குழாய். நீங்கள் அளவைக் குறிப்பிடவில்லை. இரண்டடிக் குழாயாக இருந்தால், நம் பக்கத்துச் சமதளச் சரிவில், மேலே நீர் தேங்காமல் அது கடத்துவது வினாடிக்கு 200 முதல் 250 லிட்டர்தான். கலுங்கு தரும் 450 லிட்டருக்கு அது போதாது. ஒரு அடிக் குழாயாக இருந்தால் கொள்ளளவு பாதியாகக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆறில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். குழாயில் பாதி உயரத்துக்கு மண் படிந்திருந்தால் இருக்கும் அளவிலும் பாதிக்கு மேல் போய்விடும். கலுங்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், குழாய் சிறியதாக இருந்தால் அந்தச் சாலையே அணையாக நின்று நீரை ஊருக்குள் திருப்பும். சாலை யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் இன்னொரு குழாயோ பலகைப் பாலமோ கேட்டு மனு கொடுங்கள். அது இந்தப் பருவத்துக்குள் நடக்காமல் போகலாம். இருக்கும் குழாயை இரு முனையிலும் தோண்டி, மூங்கில் கழியில் சாக்கைக் கட்டி உள்ளே இழுத்து மண்ணை வெளியேற்றுவதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

கீழிருந்து மேலே வர வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். ஊரணியின் பக்கத்திலிருந்து தூர் வாரிக்கொண்டு போனால், வாரிய இடத்தில் நீர் இறங்கி, வாராத இடத்தில் முட்டி நின்று சேறாகிவிடும். அதன் பிறகு ஆள் இறங்க முடியாது. உப்போடையின் முனையிலிருந்து தொடங்கினால் ஊறும் நீரெல்லாம் வடிந்துகொண்டே வரும், மட்டமும் பிசகாது.

கண்மாய்க்கரை விவசாயி:

மடைக்கால் ஐயா எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கரையைப் பற்றி அவர் எழுதாததால் நான் எழுதுகிறேன். எங்கள் பக்கம் இராஜசிங்கமங்கலம். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர் பெற்ற பெரிய கண்மாயின் ஆயக்கட்டில் பயிர் செய்கிறோம். அவ்வளவு பெரிய கண்மாயானாலும் ஒன்றரை ஏக்கர் ஊரணியானாலும் கரை உடைவது ஒரே விதத்தில்தான். நீர் கரையின் மேலே ஏறி வழிந்து மண்ணை அரித்துக்கொண்டு போகும், அல்லது கரைக்குள் இருக்கும் ஓட்டை வழியே கசியத் தொடங்கி அதைப் பெரிதாக்கும். கலுங்கைச் சீர்செய்யாமல் கரையை மட்டும் உயர்த்தினால் முதல் ஆபத்தைத் தள்ளிப்போட்டு இரண்டாவது ஆபத்தை வளர்க்கிறோம். உயர்ந்து நிற்கும் நீரின் அழுத்தம் ஓட்டையைத் தேடிப் போகும்.

ஆடியிலேயே செய்ய வேண்டியது, கரையின் வெளிப்புறம் முழுவதையும் செடி கொடி வெட்டி நடந்து பார்ப்பதுதான். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன சீமைக்கருவேலத்தின் அடிக்கட்டை ஆகிய மூன்றையும் தேடுங்கள். கடற்கரை ஊரணியில் நண்டு வளைதான் அதிகம் இருக்கும். வளையின் வாயில் மண்ணைத் தள்ளி மூடுவது பயன் தராது. வளை போகும் வரை வெட்டித் திறந்து, ஊரணியில் எடுத்த களிப்பான கரம்பையை அரையடி அரையடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் நீர் தெளித்துத் திமிசு கட்டையால் இடித்து ஏற்ற வேண்டும். அந்தப் பக்கத்து மணலைப் போட்டு நிரப்பினால் அது முதல் மழையிலேயே கரைந்து ஓடிவிடும்.

சீமைக்கருவேலத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. கரையில் தடித்து நிற்கும் மரங்களை ஆவணியிலும் புரட்டாசியிலும் வேரோடு பிடுங்காதீர்கள். வேர் போன குழியை இடித்து இறுக்குவதற்குள் மழை வந்துவிட்டால் நீங்களே கரையில் வாய் திறந்து வைத்ததாக ஆகும். இந்த ஆண்டு சிறு கன்றுகளை மட்டும் பிடுங்கிவிட்டு, பெரிய மரங்களைப் பங்குனி, சித்திரையில் நீர் வற்றிய பிறகு வேரோடு எடுத்துக் குழியை ஒழுங்காக நிரப்புங்கள். பனைமரங்களை விட்டுவிடுங்கள். அதன் சல்லிவேர் கரையைப் பிளப்பதில்லை. வெறும் மண்ணாகக் கிடக்கும் சரிவில் அறுகம்புல் கரணைகளையோ வெட்டிவேரையோ இப்போதே ஊன்றினால் மழைக்குள் பிடித்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் கரையின் வெளியடியில் ஈரம் தெரிந்தால் பதற வேண்டாம், அந்த நீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிவாகக் கசிந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வருகிறது என்று பொருள். அப்போது வெளியிலிருந்து களிமண்ணை அப்பி அடைப்பது பெருந்தவறு. நீர் உள்ளே தேங்கி வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். கசியும் இடத்தின் மேல் பருமணலைக் கொட்டி, அதன் மேல் சரளையைப் பரப்பி, அதன் மேல் கல்லை வையுங்கள். நீர் வடியும், மண் நின்றுவிடும். இதற்காக ஒரு டிராக்டர் மணலும் சரளையும் புரட்டாசியிலேயே கரையோரம் குவித்து வைத்திருப்பது நல்லது. அடைமழையில் வண்டி அங்கே போகாது.

கழிமுகம்:

வணக்கம். நான் மண்டபம் பக்கத்து மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவள். இருவரும் நிலத்தின் பக்கமிருந்து எழுதியிருக்கிறார்கள், நான் கடலின் பக்கமிருந்து எழுதுகிறேன். மறுகால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், கடல் வாங்கிக்கொள்ளாத நேரத்தில் நீர் போகாது.

பாக் நீரிணையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் தரவையும் உப்போடையும் கடல்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கின்றன என்பதால் அந்தச் சிறு ஏற்றமே நீரைத் தடுத்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகமாக இருக்கும். அத்துடன் வாடைக்காற்று கடலை நம் கரைமேல் தள்ளினால் உப்போடையில் நீர் பின்னோக்கி ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். நாளொன்றுக்கு இரண்டு முறை கடல் ஏறி இரண்டு முறை வற்றுகிறது, ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. வற்றும் நேரத்தில் ஓடை தடையின்றி ஓடினால்தான் அன்றைய நீர் அன்றே வடியும். அந்த நேரத்தில் முகத்தில் மணல் மேடு கிடந்தால் கிடைத்த வாய்ப்பும் வீணாகிறது.

சித்திரை முதல் புரட்டாசி வரை ஓடையில் ஓட்டம் இல்லாததால் அலை மணலைக் கொண்டுவந்து முகத்தை மூடிவிடும். வாடைக்காற்று தொடங்கியதும் கரையொதுங்கும் கடற்புல் அதன் மேல் மெத்தையாகப் படிந்து இறுகும். இதைப் புரட்டாசியில் ஒரு முறை வெட்டிவிட்டுப் போனால் போதாது, பெருமழைக்கு முதல் நாள் மறுபடியும் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் வானிலை எச்சரிக்கை வந்தவுடன் கடலுக்குப் போகாத ஆண்கள் மண்வெட்டியுடன் சென்று, மணல் மேட்டின் நடுவில் இரண்டடி அகலத்துக்கு ஒரு வாய்க்கால் கீறிவிட்டு வருவார்கள். உள்ளிருந்து வரும் நீர் வேகம் பிடித்ததும் மீதியைத் தானே அறுத்துக்கொண்டு போய்விடும். முழு மேட்டையும் அள்ள வேண்டியதில்லை. கடல் வற்றத் தொடங்கும் நேரத்தில் கீற வேண்டும். ஏறும் நேரத்தில் கீறினால் கடல்நீர் தரவைக்குள் வந்துவிடும். கையால் கீறுவதற்கும் இயந்திரத்தை இறக்குவதற்கும் வேறுபாடு உண்டு. கடற்கரையில் இயந்திரம் வைப்பதற்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகள் இருக்கின்றன. ஊராட்சி வழியாக அனுமதி பெறாமல் அதைச் செய்யாதீர்கள். ஓடையின் ஓரத்தில் கண்டல் செடிகள் இருந்தால் அவற்றை வெட்டக் கூடாது. நடுவில் ஓட்டத்துக்கு வழி இருந்தால் போதும்.

கடல்நீர் பின்னேறாமலிருக்கச் சாலைக் குழாயின் கடற்பக்க முனையில் ஒருவழிக் கதவு பொருத்தலாம் என்று யாராவது சொல்லக்கூடும். நல்ல யோசனைதான், ஆனால் பொருத்திவிட்டு மறந்துவிடக் கூடிய பொருள் அன்று. உப்புக் காற்றில் இரும்புக் கீல் இறுகிவிடும், விளிம்பில் கொட்டலசு எனும் ஓடுள்ள சிறு கடலுயிர் ஒட்டிக்கொள்ளும். நெல்லிக்காய் அளவு கொட்டலசு நான்கு ஒட்டினாலே கதவு முழுமையாகப் பொருந்தாது. மாதம் ஒரு முறை உளியால் சுரண்டிவிட்டு, கீலை ஆட்டிப் பார்ப்பதற்கு ஓர் ஆள் இல்லையென்றால் கதவு இல்லாமலிருப்பதே மேல். மூடிய நிலையில் இறுகிய கதவு, கடலைத் தடுப்பதைவிட உங்கள் நீரைத்தான் அதிகம் தடுக்கும்.

2024 நவம்பர் 20ஆம் தேதி இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை எல்லோரும் அறிவோம். அத்தகைய மழைக்கு எந்த ஊரணியும் எந்தக் கலுங்கும் முழுமையாக ஈடுகொடுக்காது. தாழ்வான வீடுகளில் இருக்கும் முதியோரையும் குழந்தைகளையும் எங்கே கொண்டுபோவது என்பதைக் கிராம சபையில் சேர்த்துப் பேசுங்கள். மறுகால் திறந்திருந்த ஊரில் நீர் மறுநாள் வடியும். அடைபட்ட ஊரில் வாரக்கணக்கில் நின்று, கிணறும் கழிவுத்தொட்டியும் ஒன்றாகும். அந்த வேறுபாட்டுக்காகவே இவ்வளவு உழைப்பும்.

பாக்கடலோரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை சிலருடன் சென்று பார்த்தேன். சாலைக் குழாய் இரண்டடிதான், கடற்பக்கம் முக்கால்வாசி மண். குழாய்க்குக் கீழே மறுகால் ஒரு தென்னந்தோப்பின் ஓரமாகச் செல்கிறது. அங்கே அதன் அகலம் குறைந்து ஒரு முழக் கால்வாயாகிவிட்டது. தோப்பின் உரிமையாளர் நல்ல மனிதர், ஆனால் அது தன் பட்டா நிலம் என்று உறுதியாக நம்புகிறார். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஊரணியை ஆழப்படுத்துவதற்கான இயந்திரத்துக்கு ஊரில் ஏற்கெனவே பணம் வசூலித்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொன்னால் வேலையே நின்றுவிடும் என்று அஞ்சுகிறேன். மடைக்கால் ஐயா, இவ்விரண்டுக்கும் என்ன செய்யலாம்? கரையின் உயரம் போதுமா என்பதை நாங்களே கண்டறிய வழி உண்டா?

மடைக்கால்:

ஐயா, இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வேலையை மாற்றிக் கொடுங்கள். முதல் நாள் மறுகாலில் இறக்குங்கள். அடுத்து, இரண்டு வரத்துக்கால்களும் ஊரணிக்குள் நுழையும் இடத்தில், உள்ளே இறங்குவதற்குச் சற்று முன்பாக, ஒவ்வொன்றிலும் பதினைந்தடி நீளம், பத்தடி அகலம், நான்கடி ஆழத்துக்கு ஒரு மண்பிடிக் குழி வெட்டச் சொல்லுங்கள். ஓடிவரும் நீர் அந்தக் குழியில் வேகம் தணியும்போது மணலும் குப்பையும் அங்கேயே தங்கிவிடும். ஆண்டுதோறும் ஆனியில் அந்த இரு குழிகளை மட்டும் அள்ளினால் ஊரணி முழுவதையும் தூர் வாரும் செலவு பல ஆண்டுகளுக்குத் தள்ளிப்போகும். பள்ளிக்கூடத்தின் அருகில் இருக்கும் குழியைச் சுற்றி வேலி கட்டாமல் விட்டுவிடாதீர்கள். பணம் மிஞ்சினால் படிந்திருக்கும் வண்டலை எடுங்கள். வண்டலை வயலுக்குக் கொண்டுபோக விரும்புவோர் வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கட்டும்.

தோப்பு உரிமையாளரிடம் வாக்குவாதம் வேண்டாம். அந்தப் புல எண்ணுக்குரிய புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்), நிலத்தின் வகையும் உரிமையும் பதிவான 'அ' பதிவேட்டின் நகலையும் எடுத்துப் பாருங்கள். மறுகால் புறம்போக்காக இருந்தால் அதன் அகலம் படத்திலேயே இருக்கும், நில அளவரை அழைத்துக் கல் ஊன்றச் சொல்லலாம். உண்மையிலேயே பட்டா நிலத்தின் வழியே நீர் போகிறது என்று தெரிந்தால், அவருக்கு நட்டம் வராதபடி ஏதாவது ஏற்பாடு செய்து, அதைக் கிராம சபைத் தீர்மானத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆகஸ்டு 15ஆம் தேதிக் கிராம சபைதான் உங்களுக்கு உரிய நேரம். அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டத்துக்கு விட்டால் மழை வாசலுக்கு வந்துவிடும். வாய்க்கால் சுத்தம் செய்யும் ஆள் வேலையை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்பதையும் அன்றே கேளுங்கள்.

மட்டம் பார்ப்பது எளிது. கொத்தனார்கள் வைத்திருக்கும் நீர் நிரப்பிய, உள்ளே தெரியும் நீண்ட பிளாஸ்டிக் குழாய் போதும். கிழக்குத் தெருவில் மிகத் தாழ்ந்த வீட்டின் நிலைப்படியில் ஒரு முனையைப் பிடித்து, அந்த மட்டத்தை வீடு வீடாகக் கடத்தி ஊரணியின் படித்துறைக்குக் கொண்டுவந்து, அங்கே சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போடுங்கள். அதே முறையில் கலுங்குத் தளத்தின் மட்டத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, கரையில் மிகத் தாழ்ந்த இடத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. வெள்ளைக்கும் சிவப்புக்கும் இடையே குறைந்தது இரண்டடி இருந்தால் நிம்மதி. அதற்குக் குறைவாக இருந்தால் கலுங்குத் தளத்தின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, பலகை போட்டு எடுக்கும்படி காடி (பலகை இறங்கும் பள்ளம்) வைத்துக் கட்டுவதைப் பற்றிப் பொறியாளரிடம் பேச வேண்டும். கறுப்புக் கோடு சிவப்புக்குக் கீழே இருந்தால்தான் கரையை உயர்த்தும் பேச்சே வர வேண்டும், அதுவும் அந்தத் தாழ்ந்த இடத்தில் மட்டும். இந்தக் கோடுகள் மழை இரவில் டார்ச் விளக்கில் தெரிய வேண்டும் என்பதால் சுண்ணாம்பில் எழுதாமல் எனாமல் சாயத்தில் எழுதுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை யார் கலுங்கைப் பார்ப்பது என்பதையும் பெயர் எழுதி முடிவு செய்யுங்கள். முன்பு நீர்பாய்ச்சிகள் செய்த வேலை அது. தெருவுக்கு இருவர் என்று முறை வைத்து, மழை பெய்யும் நாளில் காலையும் மாலையும் கலுங்கு, குழாயின் இரு முனைகள், உப்போடை முகம் ஆகிய நான்கு இடங்களையும் பார்த்து, நீர் எந்தக் கோட்டுக்கு எத்தனை விரல் கீழே நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும். மழை நின்ற பின் ஒரு நாளில் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் எழுதுங்கள். அடுத்தடுத்த மழைக்கு இறங்கும் வேகம் குறைந்துகொண்டே வந்தால், மறுகாலில் எங்கோ அடைப்பு தொடங்கிவிட்டது என்று வீட்டுக்குள் நீர் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். பெரியவர்களிடம் சொல்லுங்கள், மார்கழிப் பாதியில் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, களிமண்ணும் புல்கரணையும் வைத்துக் கல்லிடுக்குகளை அடைக்கும் வேலையை அவர்களே முன்னின்று செய்யட்டும். எந்த உயரம் வரை அடைக்க வேண்டும் என்பதைச் சிவப்புக் கோட்டைப் பார்த்து அவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.